வாய்க்குள் ஒளித்த பட்டிழை

ஓரிக்கை என்ற ஊர்ப்பெயருக்குக் காஞ்சியில் ஒரு கதை சொல்வார்கள். பல்லவ மன்னன் ஒருவன் கணிகண்ணன் என்ற புலவனை அழைத்துத் தன்னைப் பாடச் சொன்னானாம். புலவன் மறுத்தான். "என் நாட்டில் இராதே, போ!" என்றான் மன்னன். புலவன் புறப்பட்டான். அவனுடைய ஆசான் திருமழிசையாழ்வாரும் கூடவே புறப்பட்டார். ஆழ்வார் அழைத்ததும், கோயிலில் படுத்திருந்த பெருமாளும் பாம்பணையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார். காஞ்சி இருண்டது. மன்னன் ஓடோடி வந்து மன்னிப்புக் கேட்டான். அவர்கள் தங்கிய அந்த இடம் 'ஓரிரவு இருக்கை'. அதுதான் மருவி ஓரிக்கை ஆயிற்று என்பது தலபுராணம்.

புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் கதையின் உட்பொருளை ஒரு தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவனை வெளியே தள்ளினால் உடன் இருந்தவர்களும் சேர்ந்து வெளியேறுகிறார்கள்; தள்ளியவன் இறங்கி வருகிறான். இதற்கு நம் அகராதியில் வேறு பெயர் உண்டு!

அதே காஞ்சியில் நடப்பதாக எடுக்கப்பட்ட ஒரு திரைப்படத்தில் இந்தக் கதை தலைகீழாக நடக்கிறது. நெசவாளர் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். அவர்களை வெளியே அழைத்து வந்த தலைவனே, "போதும், வேலைக்குத் திரும்புவோம்" என்கிறான். பிரியதர்சன் இயக்கிய 'காஞ்சிவரம்' படத்தைத்தான் சொல்கிறோம். 2008 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, 2009 மார்ச் 13-ம் நாள் நம் நாட்டில் திரைக்கு வந்த படம். 2007-ம் ஆண்டுக்கான 55-வது தேசிய விருதுகளில் நாட்டின் சிறந்த படம் என்ற தங்கத் தாமரையும், சிறந்த நடிகர் என்ற விருது பிரகாஷ்ராஜுக்கும் கிடைத்தன. தமிழ்ப் படம் ஒன்று தங்கத் தாமரை பெற்றது அது இரண்டாவது முறை. முதல் முறை சேதுமாதவனின் 'மறுபக்கம்'.

விருது பெற்ற படங்களைப் பற்றி விருதோடு பேச்சை முடித்துக்கொள்வது நம் நாட்டு வழக்கம். இந்தப் படத்தைப் பற்றி நமக்கு அப்படி முடித்துக்கொள்ள முடியாது. தறிக்குழியில் கால் வைத்தவன், சங்கத்துக்குச் சந்தா கட்டியவன், வேலைநிறுத்தத்தில் நின்றவன் ஆகிய மூவருக்கும் இந்தப் படத்தோடு ஒரு வழக்கு உண்டு.

வழக்கு இதுதான். 'செங்கொடி பிடித்த தலைவனைப் படத்தில் திருடனாகக் காட்டிவிட்டார்களே! போராட்டத்தை நடுவழியில் விட்டவனாகக் காட்டிவிட்டார்களே! இது நம் இயக்கத்தின் மீது எறிந்த சேறு அல்லவா?' என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. தொழிலாளர் தலைவன் என்றால் கடைசியில் விலை போகிறவன் என்று எழுதிப் பழகிய கைகள் திரையுலகில் அதிகம். ஆகவே படத்தை வரிசையாகப் பார்ப்போம்.

படம் தொடங்குவது 1948-ல். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு. மழையில் ஒரு பேருந்து போகிறது. அதில் போலீஸ் காவலோடு ஒரு கைதி. பெயர் வெங்கடம். சிறையிலிருந்து இரண்டு நாள் வீட்டுக்குப் போய்வர அனுமதி. வழி நெடுக அவன் மனம் பின்னோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் கதை.

வெங்கடம் காஞ்சிபுரத்தில் தலைசிறந்த நெசவாளி. அவன் கை பட்ட சேலைக்கு ஈடு இல்லை. ஆனால் தன் மனைவியைப் பட்டு உடுத்தி வீட்டுக்கு அழைத்து வர அவனால் இயலவில்லை. மகள் தாமரை பிறந்தபோது, தகப்பன் குழந்தைக்கு வாக்குக் கொடுக்கும் சடங்கில், "உன் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை" என்று சொல்லிவிடுகிறான். கேட்டவர்கள் திகைத்துப் போகிறார்கள். ஏன் திகைக்க வேண்டும்? பட்டு நெய்கிறவன் மகளுக்குப் பட்டு என்றால் அது அத்தனை பெரிய ஆசையா?

பெரிய ஆசைதான். கணக்குப் பார்த்தால் தெரியும். வெங்கடம் சிறுகச் சிறுகக் காசு சேர்க்கிறான். தங்கையின் குடும்பம் உடையும் நிலை வருகிறது. சேர்த்ததை எடுத்து அங்கே கொடுத்துவிடுகிறான். வாக்கு மட்டும் மிச்சம். அதன் பின் அவன் செய்வது: நாள்தோறும் பட்டறையிலிருந்து சிறிது பட்டு நூலை வாய்க்குள் அடக்கி வீட்டுக்குக் கொண்டு போகிறான். இரவில், யாருக்கும் தெரியாமல், தன் கொட்டிலில் தறி போட்டு நெய்கிறான். குழந்தை வளர்கிறது. சேலையும் வளர்கிறது. மனைவி அன்னம் இறந்து போகிறாள்.

இடையில் ஊருக்குப் பொதுவுடைமைக் கருத்துடைய எழுத்தாளர் ஒருவர் வருகிறார். வெங்கடம் அவரிடம் கற்கிறான். கூலிக்காகப் பேசத் தொடங்குகிறான். நெசவாளரின் தலைவன் ஆகிறான். வேலைநிறுத்தம் வருகிறது. அந்த நேரம் பார்த்து மகளின் கல்யாணமும் நெருங்கி வருகிறது. மாப்பிள்ளை நண்பனின் மகன், பட்டாளத்துக்காரன், காத்திருக்க நேரமில்லாதவன். சேலையோ முடியவில்லை. பட்டறை திறந்தால்தான் நூல். தலைவன் வேலைநிறுத்தத்தைக் கைவிடச் சொல்கிறான். தோழர்கள் அவனைத் துரோகி என்கிறார்கள். பிறகு, எந்த வாயால் முழக்கமிட்டானோ அந்த வாயிலிருந்தே பட்டு நூல் வெளியே வந்து விழுகிறது. அடி, உதை, சிறை.

படத்தின் உயிர் அந்த வாயில்தான் இருக்கிறது என்பது நம் எண்ணம். பேச வேண்டிய வாய்க்குள் நூல். நூல் இருக்கும் வரை அவன் உண்மையைப் பேச முடியாது. இயக்குநர் இதை எங்கும் விளக்கவில்லை. பிரகாஷ்ராஜின் தாடை மட்டுமே காட்டுகிறது.

நெசவு தெரியாத நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வாயில் ஒளிக்கும் அளவு நூலில் என்ன ஆகிவிடும் என்று அவர்கள் நினைக்கலாம். காஞ்சிப் பட்டில் எல்லாம் எடைக் கணக்கு. பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. கச்சாப் பட்டை முறுக்கேற்றி, கொதிநீரில் போட்டுப் பசையை எடுத்தால் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு அங்கேயே போய்விடும். மிஞ்சியதற்குத்தான் சாயம். பிறகு தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுத் தறிக்கு ஏற்றுவார்கள். பாவையும் ஊடையையும் சரிகையையும் நிறுத்துக் கொடுக்கும் முதலாளி, நெய்த சேலையையும் நிறுத்தே வாங்குகிறான். குறைந்தால் கூலியில் பிடிப்பு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான பாவு இழைகள். அரைக் கிலோவுக்குக் குறையாத பட்டு. இதை வாயால் சேர்க்க எத்தனை ஆண்டு வேண்டும்! தாமரை பிறந்து மணப்பெண்ணாகும் வரை அவனுக்கு ஆயிற்று. திருடன் என்ற சொல்லை உச்சரிக்கும் முன் இந்தக் காலக் கணக்கையும் உச்சரிக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. தாமரைக்காகத் திருடிய நூல் முழுவதையும் ஒரு தட்டில் வைத்து, அத்தனை ஆண்டும் அந்த நெசவாளியின் கூலியில் குறைத்ததை மறுதட்டில் வைத்தால் எந்தத் தட்டு தாழும்? முதல் தட்டுக்குச் சிறை இருக்கிறது. இரண்டாவது தட்டுக்கு எந்தச் சட்டத்திலும் பெயர் இல்லை.

வெங்கடம் பேருந்தில் போகும் அதே 1948-ல்தான் இத்தாலியில் ஒரு படம் வெளிவந்தது. விட்டோரியோ டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்'. வேலையில்லாத தொழிலாளி ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது; அதற்குச் சைக்கிள் வேண்டும். அவன் மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, அடகில் கிடந்த சைக்கிளை மீட்டுக் கொடுக்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே அது திருட்டுப் போகிறது. சிறு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு உரோமாபுரி முழுவதும் தேடுகிறான். கிடைக்கவில்லை. கடைசியில் அவனே ஒரு சைக்கிளைத் திருடப் பார்த்து, மகன் கண்ணெதிரே பிடிபடுகிறான். அந்த வேடத்தில் நடித்தவர் தொழில்முறை நடிகர் அல்லர். லம்பெர்த்தோ மஜ்ஜொரானி என்ற ஆலைத் தொழிலாளி. 1952-ல் நம் நாட்டில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படம் காட்டப்பட்டது. அந்த விழா சென்னைக்கும் வந்தது. மறு ஆண்டு பிமல்ராயின் 'தோ பீகா ஜமீன்' வந்தது. அதில் நிலத்தைக் காப்பாற்றக் கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியாகத் தோழர் பல்ராஜ் சாஹ்னி நடித்தார்.

'சைக்கிள் திருடர்கள்' தொழிலாளியைத் திருடனாகக் காட்டியது என்று அன்று உலகில் எந்த நேர்மையான உழைப்பாளியும் கோபப்பட்டிருக்க நியாயமில்லை. ஒரு நல்லவனைத் திருடச் செய்யும் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்றுதான் பார்த்தவன் கேட்டிருப்பான். 'காஞ்சிவரம்' அந்த வழியில் வந்த படம். ஆனால் அது இன்னும் ஓரடி கடினமான இடத்தில் கால் வைக்கிறது. உரோமாபுரித் தொழிலாளிக்குப் பின்னால் நிற்கப் படத்தில் சங்கம் இல்லை. வெங்கடத்துக்குச் சங்கம் இருந்தது. அவனே சங்கம். அப்படியிருந்தும் அவன் தனியே திருடினான் என்பதுதான் நம்மை உறுத்த வேண்டிய இடம்.

படத்தில் அவன் தன் வாக்கைப் பற்றித் தோழர்களிடம் உதவி கேட்பதில்லை. "என் மகளுக்கு ஒரு சேலை வேண்டும், என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிரித்திருப்பார்கள். கூலிப் போராட்டத்தின் நடுவே கல்யாணச் சேலையா என்றிருப்பார்கள். சேலை என்பது வீட்டு விவகாரம், கூலி என்பது சங்க விவகாரம் என்று நாம் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டின் மீதுதான் வெங்கடம் கிழிபட்டான். வேலைநிறுத்தத்தின் முதல் நாள் முழக்கம் எழுப்ப எல்லோரும் வருகிறார்கள். மூன்றாவது வாரம் வீட்டில் அரிசி இருக்கிறதா, பெண்ணுக்குத் தேதி குறித்திருக்கிறதா, நோயாளி இருக்கிறாரா என்று வாசலில் வந்து கேட்பவர் எத்தனை பேர்? கேட்காத சங்கத்தில் தலைவனுக்கும் ஒரு இரகசியத் தறி இருக்கும்.

ஆகவே அந்தத் தோழரின் வழக்குக்கு நம் தீர்ப்பு இது: படம் இயக்கத்தின் மீது சேறு எறியவில்லை. அது நம் வீட்டு வாசலில் நின்று, நாம் விரும்பாத கேள்வியைக் கேட்டிருக்கிறது. வெங்கடம் பணத்துக்கு விலை போகவில்லை. பதவிக்கு விலை போகவில்லை. முதலாளியின் நாற்காலி அருகே ஒரு முக்காலிகூட அவன் கேட்கவில்லை. அவன் செய்தது குற்றம்தான்; தோழர்களின் நம்பிக்கையை உடைத்த குற்றம். அதற்கு அவன் பட்டது போதாது என்று சொல்ல மட்டும் யாருக்கும் மனம் வராது.

இனி நம் குறையையும் சொல்லிவிடுவோம். படத்தில் பொதுவுடைமை வெளியூரிலிருந்து ஓர் எழுத்தாளரின் பையில் வருகிறது. அதுவரை ஊர் உறங்கிக் கிடந்தது போலவும், ஒரு மனிதர் வந்து விளக்கேற்றியது போலவும் ஒரு தோற்றம். நெசவாளர் போராட்டங்கள் அப்படிப் பிறப்பதில்லை. நிறுவையில் பிடித்த காசுக்காகத் தறியிலேயே முணுமுணுப்பு பிறக்கிறது. படித்தவர் வந்து அதற்கு வாசகம் எழுதித் தருகிறார், அவ்வளவுதான்.

மற்றொன்று: படத்தில் நெசவாளர்கள் ஒரே கூரையின் கீழ், முதலாளியின் பட்டறையில் வேலை செய்கிறார்கள். கதைக்கு அது வசதி. காவலும் சோதனையும் வேலைநிறுத்தமும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் காஞ்சியில் பெரும்பாலான தறிகள் நெசவாளியின் சொந்த வீட்டில்தான் இருக்கின்றன. ஓரிக்கையில் ஆனாலும் பிள்ளையார்பாளையத்தில் ஆனாலும் வீட்டுக்குள் குழித்தறி. பாவு மட்டும் முதலாளியுடையது. இது தோற்றத்தில் சுதந்திரம் போல் இருக்கும். "உன் வீடு, உன் தறி, உன் நேரம்" என்பான் முதலாளி. உண்மையில் இதைவிடக் கெட்டியான பூட்டு கிடையாது. ஆலையில் ஆயிரம் பேர் ஒரே வாசலில் வெளியே வருகிறார்கள். வாசலில் நின்று பேசலாம். வீட்டுத் தறியில் ஆயிரம் பேர் ஆயிரம் வாசலுக்குள் இருக்கிறார்கள். எவன் தறி நின்றது, எவன் தறி ஓடுகிறது என்று தெருவில் காது வைத்துக் கேட்க வேண்டும். முன்பணம் வாங்கியவன் நிறுத்த முடியாது. வேலைநிறுத்தம் செய்தால் அவன் தன் வீட்டையே மூட வேண்டும். இதைப் படம் காட்டியிருந்தால் அதன் வேலைநிறுத்தக் காட்சிகள் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

பெண்கள் பக்கமும் படத்தில் கொஞ்சம் மெலிவுதான். அன்னமாக நடித்த ஸ்ரேயா ரெட்டி கண்ணாலேயே பேசுகிறார், அதில் குறையில்லை. ஆனால் ராட்டையில் தார் சுற்றுவது யார்? காஞ்சிச் சேலையின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பூட்டி மூன்று நாடா ஓட்டி நெய்வது. அதற்கு நெசவாளி ஒருவன் போதாது. பக்கத்தில் இருந்து கரை நாடாவை வாங்கிப் போட இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் மனைவியாக இருப்பாள், இல்லாவிட்டால் குழந்தையாக இருக்கும். பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. முன்பணம் வாங்கிய தகப்பனுக்காகப் பிள்ளை தறிக்கு உட்காரும் கதை அதில் இருக்கிறது. உலகம் வியக்கும் கோர்வையின் மறுபக்கம் அது. தாமரையை வளர்த்துக் காட்டிய படம் தறியோரம் வளர்ந்த பிள்ளைகளையும் காட்டியிருக்கலாம்.

படம் உருவான விதத்தைப் பற்றிச் சிறிது. இயக்குநர் பிரியதர்சன் மலையாளத்தில் 'சித்ரம்', 'கிலுக்கம்', இந்தியில் 'ஹேரா பேரி' என்று மக்களைச் சிரிக்க வைத்துப் பேர் வாங்கியவர். அந்தமான் சிறையைப் பற்றி 1996-ல் அவர் எடுத்த 'காலாபானி'யைத் தமிழர்கள் 'சிறைச்சாலை' என்ற பெயரில் பார்த்திருக்கிறார்கள். ஒளிப்பதிவு திரு, கலை சாபு சிரில், இசை எம்.ஜி. ஸ்ரீகுமார். தாமரையாக ஷம்மு. பணம் போட்டது பம்பாய்க் கம்பெனி. அதாவது, காஞ்சி நெசவாளியின் கதையைத் தமிழில் சொல்லக் கேரளத்திலிருந்து இயக்குநரும் பம்பாயிலிருந்து முதலும் வர வேண்டியிருந்தது!

இது நமக்குப் பெருமை தரும் செய்தியா? தமிழ்த் திரையுலகுக்குக் காஞ்சி புதிய ஊர் அல்ல. காஞ்சியில் பிறந்த அண்ணா 1949-ல் 'வேலைக்காரி'யை எழுதினார், ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய அந்தப் படத்தில்தான் ஜமீன்தார் வீட்டு அடுக்களையில் கிடந்த பெண் தலைப்புக்கு வந்தாள். 1951-ல் வந்த அவருடைய இன்னொரு கதைக்குப் பெயரே 'ஓர் இரவு'. (ஓரிக்கைக்காரர்கள் சொந்தம் கொண்டாடலாம்!) 1953-ல் அவரும் அவர் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுத் தெருவில் விற்றார்கள். நம் பக்கத்தில் 1960-ல் 'பாதை தெரியுது பார்' வந்தது. நிமாய் கோஷ் இயக்கினார், எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். திரைப்படத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியவர்களும் இவ்விருவரே. ஆகத் தமிழ்த் திரைக்கு அரசியலும் தெரியும், பாட்டாளியும் தெரியும், காஞ்சியும் தெரியும். மூன்றும் ஒரே தறியில் ஏற ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் எத்தனை படங்களில் கதாநாயகி எத்தனை காஞ்சிப் பட்டு மாற்றிவிட்டாள் என்பதை யாராவது கணக்கெடுத்தால் நன்றாயிருக்கும்.

படத்தில் பாட்டுக்கும் சண்டைக்கும் இடம் தேடி ஓடவில்லை என்பது அதன் கட்டுப்பாடு. தறிக் காட்சிகளில் அவசரம் இல்லை. நாடா போகிறது, வருகிறது. பார்க்கிறவனுக்குக் கால் வலிக்கும் அளவுக்கு அந்தத் தறியின் தாளம் உடம்பில் இறங்குகிறது. பிரகாஷ்ராஜ் வில்லன் வேடங்களில் உரக்கப் பேசிப் பழகிய நடிகர். இங்கே குரலை மடித்து வைத்துவிட்டார். மகள் எதிரே சிரிக்கும்போது ஒரு முகம், கூட்டத்தில் நிற்கும்போது ஒரு முகம், இரவுத் தறியில் ஒரு முகம். மூன்றும் ஒருவனுடையவை என்பதை நாம் நம்புகிறோம்.

இன்றைய நிலையைக் கேட்பவர்களுக்கு: 2009-10 கணக்கெடுப்பில் நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 43.31 லட்சம். 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சம். பத்தாண்டில் எட்டு லட்சம் பேர் தறியை விட்டு இறங்கினார்கள். மிஞ்சிய நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே என்றது அதே கணக்கெடுப்பு. கைத்தறிக்கென்று சில இரகங்களை ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. கரை போட்ட சேலை அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் ஏட்டில் இருக்க, விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் கடையில் தொங்குகிறது. 2005-06-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு சேலைக்குக் கிடைத்தது. நெய்தவனுக்குக் கூலிக் குறியீடு எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியதிலிருந்து கூட்டுறவு ஒரு கைப்பிடி கொடுத்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டோம். சங்கத்தில் சேர்ந்த நெசவாளிக்கும் தனியாரிடம் நெய்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் தீபாவளி வந்தால் தெரியும்.

தறியை விட்டு இறங்கியவர்களின் பிள்ளைகளை இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைப் பேருந்துகளில் காணலாம். அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில், 2024 செப்டம்பர் 9-ம் நாள் சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சங்கம் அமைக்கும் உரிமைக்காக வெளியே வந்தார்கள். 37 நாள் நின்றார்கள். அந்த 37 நாளில் எத்தனை வீட்டில் தவணை கட்டும் தேதி வந்திருக்கும், எத்தனை வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் வந்திருக்கும் என்று நாம் கணக்கிடலாம். வெங்கடத்தின் காலத்தில் சேலை. இன்று தவணை. வாய்க்குள் இருக்கும் பொருள்தான் மாறியிருக்கிறது.

படத்தின் முடிவைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. ஏனெனில் அதைப் பார்க்க நேர்ந்தால் பலர் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். தகப்பன் சிறையில் இருக்கையில் தாமரை கிணற்றில் விழுந்து கைகால் முடங்கிப் போகிறாள். அதற்காகத்தான் அந்த இரண்டு நாள் அனுமதி. அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறான். எந்தத் தங்கைக்குத் தன் சேமிப்பையெல்லாம் கொடுத்தானோ அந்த வீட்டிலும் இடமில்லை. தன் கையால் மகளுக்குச் சோறு ஊட்டுகிறான், சோற்றில் நஞ்சு. பிறகு கொட்டிலுக்கு ஓடி, ஆண்டுக்கணக்காக நெய்து முடியாமல் கிடந்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து வந்து அவள் உடல் மீது போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது.

சங்கக் கிளைகளும் வாலிபர் மன்றங்களும் இந்தப் படத்தைத் திரையிட விரும்பினால், நமக்குத் தோன்றுவது சில. இரவு வேளையில் போடாதீர்கள். படம் முடிந்ததும் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். விடுமுறை நாள் காலையில் போடுங்கள். தாய்மார்களைக் கட்டாயம் அழையுங்கள். தார் சுற்றுகிறவர்களுக்கு இந்தப் படத்தில் நம்மைவிட அதிகம் தெரியும். அறிமுக உரையைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்த பின், வெங்கடம் துரோகியா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டாம். அதில் கைதட்டல்தான் மிஞ்சும். அவன் வேலைநிறுத்தத்தைக் கைவிடச் சொல்வதற்கு முந்தைய இரவு, நம் கிளைத் தோழர் ஒருவர் அவன் வீட்டுக்குப் போயிருந்தால் கையில் என்ன கொண்டு போயிருக்க வேண்டும் என்று கேளுங்கள். அரிசியா, பணமா, நூலா, இல்லை மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச நாலு பெரியவர்களா? வருகிற பதில்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த போராட்டத்துக்கு நிதி திரட்டும்போது அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள்.